12,000 ரூபாய்க்குள் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வீட்டிலேயே செய்ய முடியுமா? நெல்லைப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்

வண்ணார்பேட்டைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். பாட்டு கேட்க ஒரு ஜோடி ஸ்பீக்கர் நானே செய்யலாம் என்று இருக்கிறேன். அறை 10க்கு 12 அடி. மேலே காங்கிரீட், கீழே டைல்ஸ். கேட்பது பழைய திரைப்பாட்டு, நாகஸ்வரம், ஊர்க் கோயில் கொடை விழாவில் பதிவு செய்து வைத்திருக்கும் வில்லுப்பாட்டு. டிபிஏ3116 சிப் போட்ட சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டும் 24 வோல்ட் அடாப்டரும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. ஸ்பீக்கருக்கு மட்டும் 12,000 ரூபாய் ஒதுக்க முடியும்.

கடைகளில் விசாரித்தால் எத்தனை வாட்ஸ், எத்தனை இஞ்ச் என்ற இரண்டு கேள்விதான் வருகிறது. ரெடிமேட் காலிப் பெட்டி இருக்கிறது, அதில் அடிச்சத்தத்துக்கு ஆறரை இஞ்ச் வூஃபரும், மேல்சத்தத்துக்கு ஒரு பீசோ ட்வீட்டரும் மாட்டித் தருகிறோம் என்கிறார்கள். எனக்கு அறை அதிர வேண்டாம். காருகுறிச்சி அருணாசலத்தைக் கேட்டால் நாகஸ்வரம் நாகஸ்வரமாகவும் தவில் தவிலாகவும் இருக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

சங்கரன்கோவில் மைக்செட்:

தம்பி, நாங்கள் கொடைக்கும் கல்யாணத்துக்கும் செட் போடுகிறவர்கள். என்னைக் கேட்டால் மேடைக்குப் போடும் 12 இஞ்ச் பி.ஏ. ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்குங்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் வரும். வீட்டு ஸ்பீக்கர் யூனிட்டெல்லாம் 86, 87தான். உங்கள் போர்டு சின்னது. அதற்குத் திறன் கூடிய ஸ்பீக்கர்தான் தோது. நல்ல பிளைவுட்டில் பெட்டி அடித்து மாட்டினால் காலத்துக்கும் உழைக்கும்.

அம்பை ஒலி:

அண்ணாச்சி சொல்லும் திறன் கணக்கு சரி. 9 டெசிபல் வித்தியாசம் என்றால் அதே சத்தத்துக்கு எட்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். திறந்த வெளியில் அதுதான் முக்கியம். ஆனால் சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், கூடுதல் திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் இயற்கை கொடுக்கும். மூன்றாவதை விட்டே ஆக வேண்டும். 12 இஞ்ச் பி.ஏ. யூனிட்டில் திறன் இருக்கிறது. அதிலேயே ஆழமும் வேண்டுமானால் பெட்டி பீரோ அளவுக்குப் போகும். 10க்கு 12 அறையில் அது ஆகாது. 86 டெசிபல் யூனிட்டுக்கு 10 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 96 டெசிபல். வீட்டில் உட்கார்ந்து கேட்க அதற்கு மேல் எதற்கு? தம்பியிடம் இருக்கும் போர்டு தாராளமாகப் போதும்.

தம்பி, இனி உங்களுக்கு. வாட்ஸையும் இஞ்சையும் மறந்துவிடுங்கள். யூனிட், அதாவது பெட்டியில் மாட்டும் காந்தமும் அதிரும் கூம்பும் (கோன்) சேர்ந்த பாகம், வாங்கும்போது மூன்று எண்களைக் கேளுங்கள்: எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரிவாக்கிய கணக்கு இது. அதற்கு முன்னால் பெட்டி அளவு பெரும்பாலும் அனுபவத்தையும் சோதனையையும் நம்பியே இருந்தது. இந்த மூன்று எண்கள் இருந்தால், மரத்தை அறுப்பதற்கு முன்பே பாஸ் எப்படி வரும் என்று தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

எஃப்எஸ் என்பது யூனிட் பெட்டியில்லாமல் தானாக அதிரும் அதிர்வெண். க்யூடிஎஸ் என்பது அந்த அதிர்வை யூனிட் எவ்வளவு சீக்கிரம் அடக்குகிறது என்பதைக் காட்டும் எண். குறைவாக இருந்தால் காந்தத்தின் பிடி இறுக்கம் என்று பொருள். விஏஎஸ் என்பது கோனைத் தாங்கும் விளிம்பின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கொள்ளளவு, லிட்டரில்.

மூடிய பெட்டிக்குக் கணக்கு இதுதான்: விஏஎஸ்ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அதை க்யூடிஎஸ்ஸால் பெருக்கினால் பெட்டிக்குள் வரும் க்யூ. அது 0.7 பக்கம் இருந்தால் பாஸ் சமமாகவும் அடக்கமாகவும் இருக்கும். 1ஐத் தாண்டினால் தவில் ‘தும்’ என்று ஒற்றைக் குரலில் இழுக்கும். எஃப்எஸ் 40, க்யூடிஎஸ் 0.40, விஏஎஸ் 20 லிட்டர் உள்ள ஆறரை இஞ்ச் யூனிட்டை 10 லிட்டர் பெட்டியில் வைத்தால் 1 + 2 = 3, வர்க்கமூலம் 1.73, க்யூ 0.69. அதிர்வெண்ணும் அதே 1.73 மடங்கு ஏறி 69 ஹெர்ட்ஸ் ஆகும். அதற்குக் கீழே மெதுவாக இறங்கும்.

அதனால் பணத்தில் பாதிக்கு மேல், இந்த எண்களை அச்சிட்டுத் தரும் கம்பெனியின் வூஃபருக்கும், பட்டுத் துணிக் குமிழ் வைத்த சில்க் டோம் ட்வீட்டருக்கும் போகட்டும். பீர்லெஸ் போன்றவர்கள் தருகிறார்கள். எண்ணே இல்லாத யூனிட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதற்கு எந்தப் பெட்டி பொருந்தும் என்று கண்டுபிடிக்கவே ஒரு பாடு படவேண்டும். ரெடிமேட் பெட்டிக்கும் இதே கதைதான். அது எந்த யூனிட்டுக்காகவும் செய்யப்பட்டதில்லை.

தென்காசிச் சாரல்:

அம்பை அண்ணாச்சி மூடிய பெட்டியிலேயே நிற்கிறார். நான் குழாய் வைத்த பெட்டிக்கு வாதாட வருகிறேன். வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் தட்டும்போது ஒரு ‘கும்’ வருமே, அந்தத் தத்துவம்தான் இது. உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங், வாயில் இருக்கும் காற்று எடை. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பேசும். பெட்டியில் குழாயைச் சரியான நீளத்துக்கு அறுத்தால் வூஃபர் விட்டுவிடும் இடத்தை அது எடுத்துக்கொள்ளும்.

அண்ணாச்சி சொன்ன அதே யூனிட்டை 21 லிட்டர் பெட்டியில் வைத்து 38 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்யலாம். 5 செ.மீ. உள்விட்டம் உள்ள பிவிசி பைப் என்றால் சுமார் 16 செ.மீ. நீளம். பாஸ் 40 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். பைப் செலவு பெரிதில்லை. இவ்வளவு மலிவாக இவ்வளவு பாஸ் வேறு எந்த வழியிலும் கிடைக்காது. பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். மூடிய பெட்டியில் அதன் அடிநாதம் பாதிகூடக் கேட்காது.

அம்பை ஒலி:

சாரல் தம்பி, கணக்கில் குறையில்லை. குடம் உதாரணமும் பொருத்தம். முதல் முறை செய்கிறவருக்கு நான் ஏன் மூடிய பெட்டியைச் சொல்கிறேன் என்றால், குழாய்ப் பெட்டியில் டியூன் செய்த அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கோனுக்குப் பின்னால் காற்றின் பிடி இல்லாமல் போய்விடும். கோன் வீணாக முன்னும் பின்னும் ஆடும். கொடைப் பதிவுகளில் காற்று மைக்கில் அடித்த இரைச்சல், மேடையில் கால் வைத்த அதிர்வு எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கும். யூனிட்டின் எண்கள் அட்டையில் போட்டிருப்பதிலிருந்து கொஞ்சம் விலகினாலும் குழாய்ப் பெட்டியின் டியூனிங் பொருந்தாமல் போகும். மூடிய பெட்டி அந்த விலகலைத் தாங்கும். இறக்கமும் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல்தான், குழாயில் 24. சின்ன அறையில் சுவர்கள் கீழ் பாஸைத் தாங்கிப் பிடிப்பதால் அந்த மெதுவான இறக்கம் நமக்கு உதவும்.

எட்கர் வில்ச்சூர் 1954இல் ஏஆர்-1 கொண்டுவந்தபோது இதைத்தான் செய்து காட்டினார். விளிம்பின் விறைப்பை நம்பாமல், அடைத்த காற்றையே ஸ்பிரிங்காக வைத்தார்.

களக்காடு தச்சன்:

மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மரநாரை அழுத்திச் செய்த 18 மி.மீ. எம்டிஎஃப் பலகை அறுக்க சுகம். உள்ளே முடிச்சு, ஓட்டை கிடையாது, அடர்த்தி ஒரே சீர். ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய இடங்களில் எம்டிஎஃப் சாமான்கள் என்ன ஆயின என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஐஎஸ் 710 மரைன் பிளைவுட், அல்லது ஈரம் தாங்கும் எச்டிஎச்எம்ஆர் பலகை பார்க்கலாம். விலை கூடும். மாடியில் இருந்தால் எம்டிஎஃப் போதும். அறுத்த ஓரங்களுக்கு மட்டும் இரண்டு கோட் சீலர் அடித்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு ஓரம்தான் முதலில் ஈரத்தை இழுக்கும்.

10 லிட்டருக்கு உள்ளளவு 17 அகலம், 22 ஆழம், 29 உயரம், எல்லாம் செ.மீ. இது 10.8 லிட்டர். யூனிட்டின் காந்தம், உள்ளே வைக்கும் குறுக்குக் கட்டை, கிராஸ்ஓவர் (வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்) எல்லாம் எடுத்துக்கொள்ளும் இடம் போக 10 நிற்கும். 18 மி.மீ. பலகைக்கு அறுக்கும் அளவு:

முன், பின் பலகை: 20.6 × 32.6, நான்கு
பக்கப் பலகை: 22 × 32.6, நான்கு
மேல், கீழ்: 22 × 17, நான்கு

4க்கு 4 அடித் துண்டு தாராளம். கடையில் மிஷினிலேயே அறுத்து வாங்குங்கள். கைரம்பத்தில் அந்த நேர் வராது. ஒட்டுவதற்கு ஃபெவிகால், கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விட வேண்டும். காய்ந்ததும் உள் மூலைகள் எல்லாவற்றிலும் இன்னொரு தரம் பசை இழுத்துவிடுங்கள். மூடிய பெட்டியில் ஊசி முனை அளவு கசிவு இருந்தாலும் சத்தம் உஸ் என்று வெளியே வரும். இரண்டு பக்கப் பலகைக்கும் நடுவில் ஒரு குறுக்குக் கட்டை கட்டாயம். யூனிட் ஓட்டையை மரம் குடையும் ரவுட்டரில் எடுத்தால் விளிம்பு சுத்தமாக இருக்கும். எம்டிஎஃப் தூசி மூச்சுக்குள் போகக் கூடாது. மாஸ்க் போட்டு, வெளித் திண்ணையில் வைத்து அறுங்கள்.

வண்ணார்பேட்டைவாசி:

மிக்க நன்றி அண்ணாச்சிமாரே. மூடிய பெட்டி என்று முடிவு செய்துவிட்டேன். நான் மாடியில்தான் இருக்கிறேன், எம்டிஎஃப் போதும். மூன்று சந்தேகம். கிராஸ்ஓவர் ரெடிமேடாகக் கிடைக்கும் போர்டு போதுமா? ட்வீட்டருக்குப் பீசோ ஏன் கூடாது? பெட்டிக்குள் இலவம்பஞ்சு அடைக்கலாமா?

அம்பை ஒலி:

கடைசியிலிருந்து வருகிறேன். இலவம்பஞ்சு அடைக்கலாம், ஆனால் நாளாவட்டத்தில் கீழே இறங்கிக் கட்டியாகிவிடும். தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சு அப்படியே நிற்கும். அழுத்தித் திணிக்காமல் உதிர்த்துப் பரப்புங்கள். பின்சுவரில் பட்டுக் கோன் வழியாக வெளியே வரும் நடுச்சத்தத்தை அது தின்னும். பெட்டியும் 10, 15 சதவீதம் பெரியது போல நடந்துகொள்ளும்.

பீசோ (மின்சாரம் பட்டால் அதிரும் படிகத் தகடு) மேல் அதிர்வெண்ணில் உரக்கப் பேசும், ஆனால் 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே கையில் எதுவும் இல்லை. ஆறரை இஞ்ச் கோனோ 2500 பக்கம் போனதுமே சத்தத்தை நேராக மட்டும் வீச ஆரம்பிக்கும், ஏனென்றால் அங்கே ஒலியின் அலைநீளம் கோனின் அகலத்துக்குச் சமமாகிவிடுகிறது. நடுவில் விழும் இந்தப் பள்ளத்தில்தான் நாகஸ்வரத்தின் உயிர் இருக்கிறது. சீவாளியின் அந்தக் கூர்மையும், பாடகரின் ‘ச’வும் ‘ட’வும் எல்லாம் 2000 முதல் 4000க்குள். அங்கே ஒட்டு சரியில்லாவிட்டால் எத்தனை ஆயிரம் போட்டும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இயல் அதிர்வெண் உள்ள ஒரு இஞ்ச் டோம் வேண்டும் என்கிறேன். 2500இல் தாராளமாகப் பிரிக்கலாம்.

ரெடிமேட் கிராஸ்ஓவர் எந்த யூனிட்டின் குணத்தையும் பார்த்துச் செய்ததில்லை. 8 ஓமுக்கு 2500இல் லிங்க்விட்ஸ்–ரைலி என்ற பிரிப்பு முறையின் இரண்டாம் படி என்றால், இரண்டு பக்கத்துக்கும் 1 மில்லிஹென்றி காயில், 4 மைக்ரோஃபாரட் கண்டென்சர். ட்வீட்டர் வயரைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுக்க வேண்டும். இது ஆரம்பப் புள்ளி மட்டுமே. வூஃபர் 8 ஓம் ரெசிஸ்டர் இல்லை. மேலே போகப்போக அதன் மின்தடை ஏறும். 7.5 ஓமும் 10 மைக்ரோஃபாரடும் தொடராக இணைத்து வூஃபருக்குக் குறுக்கே போட்டால் அது பெரும்பாலும் அடங்கும்.

ட்வீட்டர் 90, வூஃபர் 86 என்றால் 4 டெசிபல் குறைக்க வேண்டும். தொடரில் 3 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 13 அல்லது 14 ஓம். பத்து வாட் ரெசிஸ்டர் போதும்.

இன்னொன்றை எல்லோரும் விட்டுவிடுவார்கள். முன்பலகை 20.6 செ.மீ. அகலம் என்றால் சுமார் 560 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் பெட்டியைச் சுற்றிப் பின்னால் கசிந்து, 6 டெசிபல் வரைக்கும் குறையும். இதைக் கவனிக்காத பெட்டிதான் ஒல்லியாக, கீச்சென்று கேட்கும். வூஃபர் காயிலை 1.5 மில்லிஹென்றிக்கு மேல் ஏற்றினால் நடுவும் மேலும் கொஞ்சம் அடங்கிச் சமமாகும். எவ்வளவு ஏற்றுவது என்பது ஸ்பீக்கரைச் சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் வைப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. அதை மைக் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மேலப்பாளையம் வைண்டிங்:

காயிலுக்குச் சொல்கிறேன். கிணற்று மோட்டார் காயில் கட்டும் கடை நம்மூரில் எந்தப் பக்கமும் உண்டு. இன்சுலேஷன் போட்ட செம்புக் கம்பி எடைக்குக் கிடைக்கும். 18 அல்லது 19 கேஜ் வாங்கி, பிளாஸ்டிக் பாபினில் நெருக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் இரும்பு வேண்டாம். காயிலின் மதிப்பைக் காட்டும் எல்சிஆர் மீட்டர் வைத்துப் பார்த்து, கூடுதலாக இருந்தால் சுற்றை அவிழ்த்துக் குறைக்கலாம். கடையில் வாங்கும் ஏர்கோர் காயில் விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் நன்றாகவே தெரியும். இரண்டு காயிலையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்றைப் படுக்கவும் இன்னொன்றை நிற்கவும் வைத்து, தள்ளி வையுங்கள்.

ஸ்பீக்கர் வயர் என்று தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 ஸ்கொயர் மல்ட்டி ஸ்ட்ராண்ட் செம்பு வயர் 3 மீட்டர் ஓடினால் போய்வரும் தடை 0.1 ஓம்கூட இல்லை.

சேரன்மகாதேவி டீச்சர்:

நான் இயற்பியல் எடுப்பவள். அறையைப் பற்றி இரண்டு வார்த்தை. 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸிலும் நிலை அலை நிற்கும். மேல்தளமும் 10 அடி உயரம் என்றால் 56இல் இரண்டு சேர்ந்துகொள்ளும். அதனால் அறையின் நட்ட நடுவிலோ, பின்சுவரை ஒட்டியோ உட்காராதீர்கள். ஒரு இடத்தில் பாஸே இருக்காது, இன்னொரு இடத்தில் தாங்காது.

டைல்ஸும் காங்கிரீட்டும் கைதட்டினால் எதிரொலிக்கும். பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது அழகுக்கு நல்லது, ஆனால் மெல்லியது. உச்ச அதிர்வெண்ணைத் தவிர எதையும் தொடாது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் தரையில் கனமான ஜமுக்காளம், பக்கச் சுவரில் முதல் எதிரொலி விழும் இடத்தில் துணி போர்த்திய 5 செ.மீ. கண்ணாடிக் கம்பளி (கிளாஸ்வுல்) பலகை. வாங்க வசதியில்லை என்றால் பருத்தி மெத்தையைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

யூனிட் வந்ததும் அட்டையில் உள்ள எண்களை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். ஸ்டீரியோ லைன்-இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு, ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், இலவசமாகக் கிடைக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருள் போதும். மின்தடை வரைபடத்தில் முகடு நிற்கும் இடம்தான் எஃப்எஸ். கோனில் எடை தெரிந்த மெழுகுக் களிமண்ணை ஒட்டி மறுபடி அளந்தால் விஏஎஸ்ஸும் வந்துவிடும்.

சங்கரன்கோவில் மைக்செட்:

அம்பைத் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், வீட்டுக்கு அதுதான் சரி. ஆனால் வண்ணார்பேட்டைத் தம்பி, கிராஸ்ஓவர் முடித்ததும் வில்லுப்பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் உடுக்கை, குடம், ஜால்ரா, வீசுகோல் படும்போது சலங்கைமணிச் சத்தம், புலவரின் குரல் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். ஜால்ரா காதைக் குத்தாமல், குடம் குழையாமல், பாட்டின் வார்த்தை தெளிவாகக் கேட்டால் ஸ்பீக்கர் தேறிவிட்டது. நாங்கள் எந்த செட்டையும் இப்படித்தான் பார்ப்போம்.

வண்ணார்பேட்டைவாசி:

யூனிட்டுகள் வந்துவிட்டன. அட்டையில் எஃப்எஸ் 40, க்யூடிஎஸ் 0.40, விஏஎஸ் 20. அம்பை அண்ணாச்சி உதாரணத்துக்குச் சொன்ன அதே எண்கள். டீச்சர் சொன்னபடி அளந்தேன். எஃப்எஸ் 45, க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 15.8 என்று வருகிறது. இரண்டு வூஃபரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல. எல்லா எண்ணும் மாறியிருக்கிறது. பலகை இன்னும் அறுக்கவில்லை. பெட்டியைப் பெரிதாக்க வேண்டுமா, யூனிட்டைத் திருப்பி அனுப்புவதா?

அம்பை ஒலி:

அனுப்ப வேண்டாம் தம்பி. மூன்று எண்களும் எப்படி மாறியிருக்கின்றன என்று பாருங்கள். எஃப்எஸ்ஸும் க்யூடிஎஸ்ஸும் ஒரே விகிதத்தில் ஏறியிருக்கின்றன, விஏஎஸ் அதற்கேற்ப இறங்கியிருக்கிறது. கோனின் விளிம்பு புதுசாக, விறைப்பாக இருக்கிறது என்பது மட்டும்தான் இதன் அர்த்தம். காந்தமும் கோனின் எடையும் அட்டையில் சொன்னபடியே இருக்கின்றன. ஓட ஓட விளிம்பு தளரும்.

இப்போது அதே 10 லிட்டரில் போட்டுப் பாருங்கள். 15.8ஐப் 10ஆல் வகுத்து 1 கூட்டினால் 2.58. வர்க்கமூலம் 1.61. க்யூ 0.72, அதிர்வெண் 72 ஹெர்ட்ஸ். அட்டை எண்ணுக்கு 0.69, 69 ஹெர்ட்ஸ். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். விறைப்பில் பெரும்பங்கு பெட்டிக்குள் அடைத்த காற்றிலிருந்து வருவதால் விளிம்பு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் முடிவு அசைவதில்லை.

களக்காடு அண்ணாச்சி கொடுத்த அளவிலேயே அறுத்துவிடுங்கள். ட்வீட்டரை முன்பலகையின் நட்ட நடுவில் வைக்காமல் 2, 3 செ.மீ. பக்கவாட்டில் தள்ளி, இரண்டு பெட்டிக்கும் கண்ணாடிப் பிம்பமாக ஓட்டை போடுங்கள். ஓரத்திலிருந்து வரும் சிதறல் ஒரே அதிர்வெண்ணில் குவியாது. கிராஸ்ஓவரை உடனே பெட்டிக்குள் அடைத்து மூட வேண்டாம். நீளமான வயரில் வெளியே வைத்து, கண்டென்சரையும் ரெசிஸ்டரையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பெட்டி காய்ந்ததும் சொல்லுங்கள், என்னிடம் அளக்கும் மைக் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்ணார்பேட்டைக்குக் கொண்டு வருகிறேன், அளந்து காயிலை முடிவு செய்வோம்.

தென்காசிச் சாரல்:

நானும் வருகிறேன். அதே வூஃபருக்கு 21 லிட்டர் குழாய்ப் பெட்டி ஒன்று அடித்து எடுத்து வருகிறேன். ஒரே அறையில் இரண்டையும் வைத்துக் கேட்போம்.